அப்பாவின் ஆடும் பற்கள்: போன எலும்பு திரும்புமா?

பர்மாவின் பெகுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 57 வயது. இளவயதிலிருந்தே குன்யா, அதாவது மடித்த வெற்றிலைப்பாக்கு மெல்லும் பழக்கம், புகையிலை சேர்த்து. எட்டு வருஷமாகச் சர்க்கரை. கீழ் முன்பற்கள் நான்கும் ஆடுகின்றன. இடது பக்கக் கடைவாய்ப்பல் ஒன்று இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வீங்கிச் சீழ் வடிகிறது. ரங்கூனுக்கு அழைத்து வந்து எக்ஸ்ரே எடுத்ததில் "எலும்பு பாதி போய்விட்டது" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு மருத்துவர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பல்செட் வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் எலும்புத்தூள் வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். வீட்டில் அத்தையோ, க்ளீன் பண்ணினால் இருக்கிற பல்லும் விழுந்துவிடும், எதுவும் வேண்டாம் என்கிறார். போன எலும்பு திரும்புமா, எதை முதலில் செய்வது என்பது தம்பியின் கேள்வி.

தம்பி, முப்பது வருஷமாக ரங்கூனில் ஈறு நோயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போன எலும்பில் பெரும்பகுதி திரும்பாது. சில பற்களில், குழி ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் இருந்தால், கொஞ்சம் திரும்ப வைக்கலாம். ஆனால் எலும்பு மேலும் போவதை நிறுத்த முடியும். அநேகமாக எல்லோருக்கும் முடியும். அது நின்றுவிட்டால், பாதி எலும்போடு நிற்கிற பல் இன்னும் இருபது வருஷம்கூடச் சோறு மெல்லும். உங்கள் கையில் இருக்கிற பணத்தையும் அப்பாவின் பொறுமையையும் முதலில் அந்த நிறுத்துவதற்குச் செலவழியுங்கள். எலும்புத்தூள் பேச்சு அதற்குப் பிறகுதான்.

எலும்பு எப்படிப் போகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நல்ல வாயில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பின் விளிம்பு, எனாமல் முடிகிற கோட்டுக்கு ஒன்று இரண்டு மில்லிமீட்டர் கீழே இருக்கும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு சின்ன இடுக்கு உண்டு. அந்த இடுக்கில் கிருமிப் படலம் நாள்கணக்கில் தங்கினால் உடம்பு அதை எதிர்த்துப் படை அனுப்புகிறது. ஈறு சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் ரத்தம் வருகிறது. இந்த நிலையோடு நின்றால் நன்றாகத் தேய்த்தாலே முழுக்கச் சரியாகிவிடும். பல ஆண்டுகள் தொடர்ந்தால்தான் சிலருக்கு அடுத்த கட்டம் வருகிறது.

கிருமி எலும்பை நேராகத் தின்பதில்லை. மழைக்காலத்தில் பெகு ஆற்றில் தண்ணீர் ஏறும்போது கரையோரத்துக் குடும்பங்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எலும்பும் அப்படித்தான் பின்வாங்குகிறது. நம் எலும்பில் கட்டுகிற செல்களும் உண்டு, கரைக்கிற செல்களும் உண்டு. வாழ்நாள் முழுக்க இரண்டும் சமமாக வேலை செய்யும். பக்கத்திலேயே வீக்கம் நிரந்தரமாகக் குடியிருந்தால் கரைக்கிற செல்களுக்கு ஓயாமல் உத்தரவு போய்க்கொண்டிருக்கும். எலும்பு கீழே இறங்க இறங்க ஈறு அதே மட்டத்தில் இருந்தால், நடுவில் பை மாதிரி ஒரு பள்ளம் விழும். 4 மில்லிமீட்டர், 6, 8 என்று ஆழம் கூடும். அவ்வளவு உள்ளே எந்த பிரஷும் போகாது. காற்றில்லாத அந்த ஆழத்தில் வாழ்கிற கிருமிகள்தான் மிகக் கெட்டவை.

அதனால்தான் கால்சியம் மாத்திரை இதற்கு உதவாது. உங்கள் அப்பாவின் எலும்பு கால்சியம் பற்றாமல் கரையவில்லை. வெள்ளம் வடிந்தால்தான் குடும்பம் திரும்பி வரும். வெள்ளம் நிற்கும்போது வீட்டுக்குச் செங்கல் அனுப்பிப் பயனில்லை.

எல்லோருக்கும் ஒரே வேகத்தில் போகாது என்பதை நம்மவர்களை வைத்தே கண்டுபிடித்தார்கள். 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளர்களை நார்வேயில் பிறந்த ஹரால்டு லோ என்ற அறிஞரின் குழு ஆராயத் தொடங்கியது. எல்லோரும் ஆண்கள், இளைஞர்கள். பல் மருத்துவம் என்பதே அவர்களுக்குக் கிடைத்ததில்லை, பல் துலக்கும் வழக்கமும் இல்லை. பதினைந்து வருஷம் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். எல்லோர் வாயிலும் அழுக்கு, எல்லோர் ஈறிலும் வீக்கம். இருந்தும் 11 சதவீதம் பேருக்கு நோய் ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக இறங்கியது. 8 சதவீதம் பேருக்கு மட்டும் வேகமாக இறங்கியது. 35 வயதிலேயே சராசரி 9 மில்லிமீட்டர் பிடிப்பு போய்விட்டது. கீழ் முன்பல்லின் வேர் மொத்தமே ஏறக்குறைய 12 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மனிதர்களுக்கு அந்தப் பதினைந்து வருஷமும் சிகிச்சை இல்லாமலே போனது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் உலகத்துப் பல் மருத்துவப் புத்தகங்களில் நம் தோட்டத்து மக்கள் சொல்லிக் கொடுத்த பாடம் அது. பரம்பரைக்கும் உடம்பின் எதிர்ப்புக்கும் இதில் பங்கு உண்டு. அழுக்கு இல்லாமல் நோய் வராது, ஆனால் ஒரே அளவு அழுக்கு எல்லோரையும் ஒரே மாதிரி அடிக்காது. அப்பாவைத் "தேய்க்கவே தெரியாது" என்று வீட்டில் யாரும் குத்திக் காட்டாதீர்கள்.

இனி அத்தை சொல்வதற்கு வருகிறேன். இந்தப் பயம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் "க்ளீன் பண்ணினதுக்கு அப்புறம்தான் டாக்டர் பல்லு ஆட ஆரம்பிச்சுது" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அதனால் காரணத்தைச் சொல்கிறேன். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில், நாக்குக்கு அடியில், எச்சில் சுரப்பியின் வாய் திறக்கிறது. அதனால் வாயிலேயே அதிகமாகக் கல் படிகிற இடம் அதுதான். வெற்றிலைச் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிமெண்ட் பூசினதுபோல நான்கைந்து பற்களையும் ஒன்றாகக் கட்டிவிடும். உள்ளே எலும்பு போய்க்கொண்டே இருக்கும், வெளியே அந்தக் கல் பற்களை ஆடாமல் பிடித்திருக்கும். கல்லை எடுத்ததும் உண்மையான ஆட்டம் தெரிகிறது. வீங்கிய ஈறு வற்றும்போது பற்களுக்கு நடுவில் இடைவெளி தெரிகிறது. வேர் வெளியே தெரிவதால் பச்சைத் தண்ணீர் பட்டால் கூசுகிறது. கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். ஆட்டமும் பல பற்களில் இரண்டு மூன்று மாதத்தில் குறையும், ஏனென்றால் பல்லைச் சுற்றியுள்ள நார்கள் வீக்கம் தணிந்து இறுகுகின்றன. அத்தையிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள். முதல் வாரத்தில் "நான் சொன்னேன் பாத்தியா" என்று அவர் சொல்லும்போது அப்பா மனம் விட்டுவிடக் கூடாது.

நான் க்ளீனிங் என்று சொல்வது, பத்து நிமிஷத்தில் மேலே தெரிகிற கல்லைத் தட்டி எடுத்து பாலிஷ் போட்டு அனுப்புவதை அல்ல. ஈறுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு, பையின் அடிவரை கருவியை இறக்கி, வேரில் ஒட்டியிருக்கிற கறுத்த கல்லையும் படலத்தையும் ஒவ்வொரு பல்லாக எடுப்பது. ஒரு வாய்க்கு இரண்டிலிருந்து நான்கு முறை உட்கார வேண்டியிருக்கும். அதிரும் மெஷினால் செய்தாலும் கைக்கருவியால் செய்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். கரண்ட் போய்விட்டது, மெஷின் ஓடவில்லை என்று ஒரு மருத்துவர் கைக்கருவியை எடுத்தால் அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். கை பழகியவர் செய்கிறாரா, அவசரமில்லாமல் செய்கிறாரா என்பதுதான் விஷயம்.

அதற்கு முன்னால் அளவெடுக்க வேண்டும். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் மெதுவாக விட்டுப் பார்த்து எழுதுவார்கள். எக்ஸ்ரே எலும்பின் உயரத்தைக் காட்டும், பையின் ஆழத்தைக் காட்டாது. எக்ஸ்ரே மட்டும் பார்த்து, கம்பி வைக்காமல், எல்லாப் பல்லையும் எடுக்கலாம் என்றோ எல்லாவற்றுக்கும் எலும்பு வைக்கலாம் என்றோ ஒருவர் முடிவு சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். "பாதி எலும்பு போய்விட்டது" என்பது முழு வாய்க்கும் சொல்லக்கூடிய வாக்கியமே இல்லை. முன்பல்லில் பாதி, கடைவாயில் கால்வாசி, கோரைப்பல்லில் ஒன்றுமே போகாமல் இருக்கலாம். ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனி எதிர்காலம் உண்டு.

ஆழமான க்ளீனிங் முடிந்து ஏறக்குறைய மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் நிறையப் பேர் தாண்டிக் குதிக்கிறார்கள். பை சராசரியாக ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் குறையும். கவனமாகச் செய்து, வீட்டிலும் நன்றாகத் தேய்த்தால், ஆழமாக இருந்த பைகளில் நான்கில் மூன்று வரை ஆபரேஷன் இல்லாமலே மூடிக்கொள்கின்றன. மூடிக்கொண்ட இடத்துக்கு ஆபரேஷன் எதற்கு? மறுபடி அளக்கும்போது இன்னும் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கிற இடங்களுக்கு மட்டும்தான் ஈறைத் திறந்து பார்க்கிற யோசனை. எலும்புத்தூள் பற்றிப் பேச வேண்டிய நேரமும் அப்போதுதான்.

எலும்பு இரண்டு விதமாக இறங்கும். வரிசையாக எல்லாப் பற்களையும் சுற்றிச் சம மட்டமாக இறங்குவது ஒன்று. வயலில் தண்ணீர் மட்டம் இறங்குவதுபோல. இதில் தூளைக் கொட்டினால் நிற்க இடமே கிடையாது, சுவரில்லாத இடத்தில் மண்ணைக் குவித்ததுபோலச் சரிந்துவிடும். கீழ் முன்பற்களில் பெரும்பாலும் இந்த வகைதான். இன்னொன்று, ஒரு பல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் கிணறு மாதிரி ஆழமாகக் குழி விழுவது. கிணற்றைச் சுற்றி எலும்புச் சுவர் மூன்று பக்கம் மீதி இருந்தால் நல்லது, இரண்டு இருந்தால் பரவாயில்லை, ஒன்றுதான் என்றால் நம்பிக்கை குறைவு. குழி 3 மில்லிமீட்டராவது ஆழமும் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில்தான் போன எலும்பை மீட்கப் பார்க்கிற மீட்பு ஆபரேஷனுக்கு அர்த்தம் உண்டு.

அது வேலை செய்யும் விதம் அழகானது. 1976இல் மெல்ச்சர் என்பவர் ஒரு கருத்தைச் சொன்னார்: புண் ஆறும்போது வேரின்மேல் முதலில் எந்த செல் வந்து குடியேறுகிறதோ அதுதான் அங்கே எது வளரும் என்று தீர்மானிக்கிறது. ஈறின் தோல் செல்கள் வேகமாக ஓடி வருபவை. அவை முதலில் வந்துவிட்டால் வேரை ஒட்டித் தோல் இறங்கிவிடும், எலும்பும் நாரும் வளர இடம் இல்லாமல் போகும். அவற்றை ஒரு மெல்லிய திரையால் தடுத்து நிறுத்தினால், மெதுவாக வருகிற நார் செல்களுக்கும் எலும்பு செல்களுக்கும் நேரம் கிடைக்கும். 1982இல் ஸ்வீடனில் நைமன் குழு மனிதப் பல்லிலேயே இதைச் செய்து காட்டியது. இன்று திரை, எலும்புத் துகள், வேரில் பூசும் புரதக் களிம்பு என்று பல வழிகள் உள்ளன. பொருத்தமான குழியில் மூன்று நான்கு மில்லிமீட்டர் பிடிப்பு திரும்பக் கிடைக்கலாம். முழுக்க நிரம்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் பலன் தெரிய ஒன்பது மாதம், ஒரு வருஷம் ஆகும்.

நம் ஜனங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. அந்தத் துகள்களில் மிகப் பரவலாக இருப்பது மாட்டு எலும்பிலிருந்து எடுத்தது. வேரில் பூசும் புரதக் களிம்பு பன்றிக்குட்டியின் முளைக்கிற பல்லிலிருந்து எடுப்பது. திரைகள் பலவற்றிலும் இந்த இரண்டு விலங்குகளின் கொலாஜன் என்ற புரதம் உண்டு. ரங்கூனில் என் நாற்காலியில் மாரியம்மனுக்கு விரதம் இருக்கிற அம்மாவும் உட்காருகிறார், சோலியா பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வருகிற பெரியவரும் உட்காருகிறார். இருவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு தெரிந்து ஒருவர் மனம் உடைந்து அழுததை ஒருமுறை பார்த்திருக்கிறேன், அதை யாருக்கும் நடக்க விடக் கூடாது. செயற்கையாகச் செய்த கால்சியம் பாஸ்பேட் துகள்களும் உண்டு. சில குழிகளில் எந்தத் துகளும் இல்லாமலே, ஈறைக் கவனமாகத் திறந்து சுத்தம் செய்து தைப்பதே போதும். "இது எதிலிருந்து எடுத்தது டாக்டர்?" என்று கேட்பது உங்கள் உரிமை. வெட்கப்பட வேண்டாம்.

இனி குன்யா. இதை லேசாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து மாற்றுவது நம் மரியாதை, அதை யாரும் விட வேண்டாம். கடையில் சுண்ணாம்பு தடவிப் பாக்கும் புகையிலையும் வைத்து மடித்து, ஒன்று தீர்ந்ததும் அடுத்தது என்று நாள் முழுக்கக் கன்னத்தில் ஒதுக்கி வைப்பது வேறு. அது கல்லைச் சேர்க்கிறது, ஈறைப் புண்ணாக்குகிறது, புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஆய்வுக்கூடத்தில் பாக்கிலுள்ள அரிக்கோலின், பல்லைப் பிடிக்கிற நார் செல்கள் வளர்வதையே தடுப்பதாகத் தெரிகிறது. பல்லைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலைப்பாக்கு மெல்லுவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் உறுதியாக வெளியிட்டது. பாக்கு மட்டுமே தனியாகவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே "புகையிலையை மட்டும் விட்டுட்டேன்" என்பது பாதித் தூரம்தான். அப்பாவின் கன்னத்தின் உள்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் முன்புபோல அகலமாகத் திறக்காமல் இறுகுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈறு சிகிச்சை காத்திருக்கட்டும், முதலில் அதைக் காட்டுங்கள்.

சிகரெட்டும் பிடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் ஒரு எச்சரிக்கை: புகை ஈறின் ரத்தக் கசிவை மறைத்துவிடும். ரத்தம் வரவில்லை, அதனால் நோய் இல்லை என்று ஏமாந்து உட்கார்ந்திருப்பார்கள். மீட்பு ஆபரேஷனும் புகைப்பவர்களுக்குச் சரியாகப் பலிப்பதில்லை.

சர்க்கரையை ஈறோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பர்மியில் அதை ஸீஜோ என்பார்கள், இனிப்புச் சிறுநீர் என்று பொருள். பெயர் சிறுநீரில் இருந்தாலும் நோய் ஈறிலும் தெரியும். கட்டுப்பாடில்லாத சர்க்கரை ஈறு வீக்கத்தைக் கூட்டுகிறது, ஆழ்ந்த ஈறு வீக்கம் சர்க்கரையைக் கட்டுக்கு வரவிடாமல் செய்கிறது. ஈறு நோய்க்குச் சரியாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, அதாவது எச்பிஏ1சி, ஏறக்குறைய 0.4 குறைவதாக ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.  எச்பிஏ1சி 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் எலும்பு வேகமாகப் போகிறவர்கள் வகையில் வைத்துத்தான் நாங்கள் சிகிச்சையைத் திட்டமிடுகிறோம். க்ளீனிங்குக்கு முன்னால் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்து முடிவைக் கையில் கொண்டு வாருங்கள். அன்று காலையில் அப்பா வழக்கம்போலச் சாப்பிட்டு மருந்தும் போட்டுக்கொண்டு வரட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

வீங்குகிற கடைவாய்ப்பல்லுக்கு, கடையில் தானாக வாங்கி அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளைக் கொடுத்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். கல்லும் படலமும் அங்கேயே இருக்கும்போது மருந்து பையின் கிருமிகளை எட்டாது. வீக்கம் தற்காலிகமாக அடங்கும், எலும்பு அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும். அடுத்த தரம் மருந்து வேலை செய்யாமலும் போகலாம். சில நோயாளிகளுக்கு ஆழமான க்ளீனிங்கோடு சேர்த்து இவற்றை நாங்களே கொடுப்பதுண்டு, அது மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டமானாலோ மறுநாள் வரை பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தப் பல்லில் இன்னொரு சிக்கல் இருக்கலாம். கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு மூன்று வேர்கள். எலும்பு வேர் பிரிகிற கவட்டை வரை இறங்கிவிட்டால் அந்தக் கவட்டைக்குள் எந்தக் கருவியும் சுலபமாகப் போகாது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தால் காப்பாற்றலாம். கம்பி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால் ஆயுள் குறைவுதான், ஆனாலும் சுத்தமாக வைத்துக்கொள்கிறவர்கள் அதையும் பல வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சீழ் வந்தால் எடுத்துவிடுவதே நல்லது.

எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம் என்ற யோசனைக்கு இப்போது என் பதில் வேண்டாம் என்பதுதான். ஒரு பல் மேலும் கீழுமாகவே அமுங்கி எழுகிற அளவுக்கு ஆடினால், எலும்பு வேர் நுனிவரை போயிருந்தால், எடுக்கத்தான் வேண்டும். பக்கவாட்டில் மட்டும் ஆடுகிற பல்லை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். பல் போன இடத்தில் எலும்பு மேலும் சுருங்கும். கீழ்த்தாடையில் முழு பல்செட் ஒட்டி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அணிந்தவர்களைக் கேளுங்கள். திருகு வைத்துப் பொருத்தும் பல்லுக்கும் எலும்பு வேண்டும், அதைச் சுற்றியும் இதே மாதிரி நோய் வரும், வந்தால் ஆற்றுவது இன்னும் கடினம். கீழ் முன்பற்கள் க்ளீனிங்குக்குப் பிறகும் மெல்லும்போது தொந்தரவாக ஆடினால், உள்பக்கத்தில் மெல்லிய கம்பி ஒட்டிப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டலாம். அது நோயைக் குணப்படுத்தாது, ஆனால் மெல்லுவதற்குச் சுகமாக இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது இல்லாமல் மேலே சொன்னதில் எதுவும் நிலைக்காது. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று நம் பெரியவர்கள் சொன்னது உண்மை, குச்சியை மென்று தேய்த்தால் வெளிப்பரப்பு சுத்தமாகும். ஆனால் எலும்பு போவது பற்களுக்கு நடுவில். அங்கே குச்சியும் போகாது, சாதாரண பிரஷும் போகாது. புட்டி கழுவுகிற பிரஷ் மாதிரி சின்னதாக, இடுக்கில் விட்டு இழுக்கிற பிரஷ் கிடைக்கிறது. அளவு முக்கியம்: லேசாக உரசிக்கொண்டு உள்ளே போக வேண்டும், தாராளமாகப் போனால் அது சிறியது, திணிக்க வேண்டியிருந்தால் பெரியது. ஒரு வாய்க்கே இரண்டு மூன்று அளவு வேண்டியிருக்கும். ராத்திரி படுக்கும் முன் ஒரு தரம் கட்டாயம். முதல் பத்து நாள் ரத்தம் வரும், பயந்து நிறுத்தக் கூடாது. ரத்தம் வருகிற இடத்தில்தான் இன்னும் கவனமாகத் தேய்க்க வேண்டும். உமிக்கரி, செங்கல் பொடி வேண்டாம், வெளியே தெரிகிற வேர் மென்மையானது, குழி விழுந்துவிடும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் உப்புத் தண்ணீரும் கெடுதல் இல்லை, ஆனால் பையின் அடிக்கு அவை போவதில்லை. வாய் கொப்பளிக்கிற குளோர்ஹெக்சிடின் திரவத்தை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம். அதிக நாள் வைத்தால் பல் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும். டீ அதிகம் குடிப்பவர்களுக்குக் கறை இன்னும் கூடும்.

பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும். இதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். வலி போய்விட்டது, பெகுவிலிருந்து எதற்கு ரங்கூன் வரை என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்வீடனில் கார்ல்ஸ்டாட் என்ற ஊரில் 1972இல் தொடங்கி முப்பது வருஷம் ஒரு கூட்டத்தைத் தொடர்ந்து பார்த்தார்கள். இடுக்குச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி மறுபடி அழைத்துக் கவனித்தார்கள். முப்பது வருஷத்தில் ஒருவர் இழந்தது சராசரி இரண்டு பல்கூட இல்லை. சிகிச்சையே கிடைக்காத தேயிலைத் தோட்டத்து மக்களை இவர்கள் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஆபரேஷனும் எந்த எலும்புத்தூளும் இந்த அளவுக்குப் பற்களைக் காப்பாற்றியதாக எனக்குத் தெரியாது.

எங்கே காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். ரங்கூனில் திங்கன்ஜுன் பகுதியில் பல் மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1964இல் கல்லூரியாகத் தொடங்கியது. போகும்போது பொதுவாகப் "பல் வலி" என்று சொல்லாமல் ஈறு நோய்க்கு என்று சொல்லிக் கேளுங்கள். பர்மியில் ஈறுக்கு துவாஃபோன் என்பார்கள். அப்பாவுக்குப் பர்மிய மொழி சரளமாக வராது என்றால் நீங்களே கூட உட்கார்ந்து, எத்தனை வருஷமாகக் குன்யா, ஒரு நாளைக்கு எத்தனை, சர்க்கரை மருந்தின் பெயர் என்ன என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். குன்யா எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்ல அப்பா முயல்வார். மரியாதையோடு, ஆனால் உண்மையான எண்ணையே எழுதுங்கள்.

அளவெடுத்த தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 7 இருந்த இடம் 4 ஆகியிருந்தால், ரத்தம் வந்த இடங்கள் பாதியாகக் குறைந்திருந்தால், எலும்பு போவது நிற்கத் தொடங்கிவிட்டது என்று அப்பாவுக்கே காட்டுங்கள். உங்கள் ஈறையும் அன்றே ஒரு தரம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், இந்த நோய் ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதுண்டு. உங்கள் வயதிலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் வெறும் க்ளீனிங்கோடு முடிந்துவிடும்.